கடைசி நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடங்கள்: கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பேருந்து நடைகள்

மலையில் நடக்க வருபவர்கள் பெரும்பாலும் ஊரிலிருந்து நடக்கத் தொடங்கி, களைத்த இடத்தில் பேருந்து பிடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நீலகிரியில் அந்தக் கணக்கு எளிதில் தப்பும். காலையில் அடுத்தடுத்து வண்டி இருக்கும். பிற்பகலில் இடைவெளி நீளும். அதே நேரத்தில் மேகமும் இறங்கும். ஏதோ ஒரு எஸ்டேட் முக்கில், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத வெள்ளையில், வராத வண்டிக்காக நிற்க வேண்டிவரும்.

தலைகீழாகச் செய்யுங்கள். காலை வண்டியில் கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி, வந்த தடத்திலேயே ஊரை நோக்கி நடங்கள். ஊரை நெருங்க நெருங்கக் கிளைச் சாலைகளிலிருந்து வேறு தடத்து வண்டிகளும் வந்து சேரும், டீக்கடைகள் வரும், ஆட்டோ கிடைக்கும். மழை பிடித்தால் பின்னால் வருகிற வண்டிக்குக் கை காட்டினால் போதும். மலைத் தடங்களில் நிறுத்தம் இல்லாத இடத்திலும் ஓட்டுநர்கள் நிறுத்துவது வழக்கம். ஆனால் வளைவிலும் செங்குத்தான ஏற்றத்திலும் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் கூடாது. சாலை நேராகவும் ஓரம் அகலமாகவும் உள்ள இடத்தில் நின்று கை காட்டுங்கள்.

இந்த முறைக்கு நீலகிரியின் கிழக்குப் பாதி, அதாவது கோத்தகிரியும் குன்னூரும் சுற்றியுள்ள அட்டிகளும் (படகர் ஊர்களும்), மேற்கைவிட நன்றாக ஒத்துவரும். தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் அடர்ந்த பகுதி என்பதால் சிற்றூர் வரைக்கும் அரசுப் பேருந்து போகிறது. அவலாஞ்சி, மேல்பவானி, மசினகுடி பக்கங்களில் சாலையின் இரு புறமும் காப்புக்காடு அல்லது புலிகள் காப்பகம். அங்கே பேருந்திலிருந்து இறங்கி உங்கள் விருப்பத்துக்கு நடக்க முடியாது, பிடிபட்டால் அபராதம்.

எந்த மாதம்

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கத்தைக் கொட்டி நனைக்கும். தொட்டபெட்டா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் கோத்தகிரிக்கு அதில் கொஞ்சம்தான் வந்து சேரும். ஊட்டியில் குடை விரித்திருக்கும் ஜூலை நாளில் கோத்தகிரிச் சாலை காய்ந்து கிடப்பது சாதாரணம். அக்டோபர், நவம்பரில் நிலைமை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை நேராகக் கிழக்குச் சரிவில்தான் மோதும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கங்களில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது இந்த மழையில்தான். வானிலை மையம் நீலகிரிக்குக் கனமழை எச்சரிக்கை கொடுத்திருந்தால் நடையை ஒத்திவையுங்கள். உங்களுக்கு நடக்கத் தெரியும் என்பதற்காகச் சாலை சரியாமல் இருக்காது, வண்டியும் ஓடாது.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும், தூரக் காட்சிக்கு இதுவே நல்ல காலம். காலையில் உறைபனி விழும். புல்லும் பாசி பிடித்த கல்படியும் எட்டு மணி வரை வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களைத் தவிருங்கள். சீசன் கூட்டத்தில் மலைப்பாதையில் வாகனங்கள் தேங்கி, கிராமத்து வண்டிகள் வரை எல்லாம் நேரம் தவறும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம் என்பதால் வனத்துறை மலையேற்றத் தடங்களை மூடிவிடும். 

மேலே வந்து சேர

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். கோவையிலிருந்து வருபவர்கள் மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள புதிய பேருந்து நிலையத்தில் ஏறலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு, 14 கொண்டை ஊசி வளைவுகளுடன். மற்றது குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு, சுமார் 33 கி.மீ. தலை சுற்றுபவர்கள் முன் பாதியில், சக்கரத்துக்கு மேல் இல்லாத இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். கைப்பேசியைப் பார்த்தால் மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிடும்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு அது தேவையில்லை. பிளாஸ்டிக் தடை மட்டும் எல்லோருக்கும் உண்டு. தண்ணீர் பாட்டில், கேரி பை, ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, குவளை எதுவும் கூடாது. சோதனைச் சாவடியில் பேருந்துக்குள்ளும் ஏறிப் பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துவாருங்கள். ஊர்களிலும் சாலையோரத்திலும் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன, நாணயம் வேண்டும்.

வண்டி நேரம் கேட்கும் முறை

இணையத்தில் கிடைக்கும் நேர அட்டவணையை நம்பிக் கிளம்பாதீர்கள். முந்தின நாள் மாலையில் கோத்தகிரி அல்லது குன்னூர் பேருந்து நிலையத்துக்குப் போய் நேரக் காப்பாளரிடம் கேளுங்கள். “கோடநாட்டுக்கு எத்தனை மணிக்கு வண்டி” என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். கேட்க வேண்டியவை நான்கு: காலை முதல் வண்டி எப்போது, அது எந்த இடம் வரை போகும், அங்கிருந்து பகலில் திரும்பும் வண்டிகள் எவை, திரும்பி வருகிற கடைசி வண்டி எது.

கடைசிக் கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. இரவில் கிராமத்துக்குப் போகும் வண்டி பல தடங்களில் ஹால்ட் வண்டி. ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே தங்கி, அடுத்த நாள் விடியற்காலையில்தான் முதல் வண்டியாகத் திரும்புவார்கள். “ஏழு மணிக்கு ஒரு வண்டி இருக்கு” என்று யாராவது சொன்னால் அது மேலே போகும் வண்டியா, கீழே வரும் வண்டியா என்று கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளி விடுமுறையிலும் வண்டிகளின் நடைகள் சில குறையும், அதையும் கேளுங்கள். தெரிந்த கடைசி வண்டியை உங்கள் கடைசி வண்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முந்தின வண்டிதான் உங்களுடையது. மலையில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் அந்த நடை அப்படியே போய்விடும்.

சில்லறை வைத்திருங்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்தது. எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதால் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை ஊருக்குள் வரும் வண்டிகள் பள்ளிப் பிள்ளைகளால் நிறைந்திருக்கும். ஊரிலிருந்து வெளியே போகும் வண்டியில் அந்த நேரத்தில் தாராளமாக இடம் இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

கோடநாடு: முதல் நடைக்கு இதுவே சரி

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனை ஏறத்தாழ 18 கி.மீ. வண்டியில் ஏறும்போது “வியூ பாயிண்ட் வரைக்கும் போகுமா, ஊரோடு நின்றுவிடுமா” என்று கேளுங்கள். காலை ஒன்பது மணிக்குள் காட்சிமுனையில் இருப்பது நல்லது. கீழே மாயாறு பள்ளத்தாக்கு, அதற்கப்பால் சத்தியமங்கலம் காடு, பக்கவாட்டில் ரங்கசாமி மலை. தெங்குமரகடா ஊரின் வயல்கள் பச்சைத் துண்டாகத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும் நாட்கள் அதிகம். மூடினால் அரை மணி காத்திருக்கலாம், விலகும். ஒரு மணி நேரமாகியும் விலகாவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

திரும்பும் வழி முழுதும் தார்ச்சாலை, இரு புறமும் தேயிலை, நடுவே சில்வர் ஓக் மரங்கள். ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் மூச்சு முட்டும் ஏற்றம் இல்லை. பதினெட்டு கிலோமீட்டரையும் நடக்க வேண்டியதில்லை. ஈளாடா வரை நடந்துவந்து அங்கே வண்டி ஏறினாலே நல்ல நடை. மலைச் சாலையில் மணிக்கு 4 கி.மீ. போகலாம் என்று சமவெளிக்காரர்கள் நினைப்பார்கள். நின்று பார்ப்பது, டீ குடிப்பது எல்லாம் சேர்த்து 3 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் பத்து நிமிடம் கூட்டுங்கள். எஸ்டேட் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் மணிக்கு இரண்டுதான்.

வளைவுகளில் சாலையின் வெளி ஓரமாக, எதிரே வரும் வண்டி உங்களைப் பார்க்கும்படி நடங்கள். “எதிரே வரும் போக்குவரத்தைப் பார்த்து வலப்பக்கம் நட” என்ற விதி உள்வளைவில் ஆபத்து, ஓட்டுநருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள்.

அரவேணு, கேத்தரின் அருவி

கோத்தகிரி–மேட்டுப்பாளையம் வண்டிகள் எல்லாம் அரவேணுவில் நிற்கும், இந்தப் பக்கத்தில் வண்டிக்குப் பஞ்சமே இல்லாத நிறுத்தம் இது. அங்கிருந்து பிரியும் சாலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே அருவிப் பக்கம் இறங்கலாம். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் என்பதை மறக்காமல் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற ஒன்றரை.

கோத்தகிரியில் காப்பித் தோட்டத்தைத் தொடங்கிவைத்தவர் எனப்படும் எம்.டி. காக்பர்னின் மனைவி பெயரைத் தாங்கிய அருவி இது. சுமார் 250 அடி உயரம். ஆனால் அருவியின் தலைக்குப் போய் நின்றால் முழு வீழ்ச்சி தெரியாது. தெரியவில்லையே என்று பாறையில் இன்னும் இரண்டடி முன்னால் போவதில்தான் ஆபத்து. ஓடைப் பாறையில் பாசி காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரமிருக்கும், ஷூ பிடிக்காது. மேலே வெயில் அடிக்கும்போதே தொலைவில் பெய்த மழையால் நீர் திடீரென்று கூடும். முழு அருவியையும் பார்க்க வேண்டுமென்றால் குன்னூர் பக்கத்து டால்பின் நோஸுக்குப் போகவேண்டும், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறத்தில் கோடு கிழித்ததுபோல் விழும்.

டால்பின் நோஸிலிருந்து லாம்ப்ஸ் ராக்

குன்னூர் நிலையத்திலிருந்து டால்பின் நோஸுக்கு அரசுப் பேருந்து உண்டு, நடைகள் குறைவு. தூரம் சுமார் 12 கி.மீ. காட்சிமுனை ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850 மீட்டரில். எனவே திரும்பி நடப்பது மொத்தத்தில் ஏற்றம். லாம்ப்ஸ் ராக் வரை நடந்து, மூச்சு வாங்கினால் அங்கேயே வண்டிக்குக் காத்திருக்கலாம். நடுவே லேடி கேனிங்ஸ் சீட் என்ற பழைய ஓய்விடம் வரும். தெம்பிருந்தால் சிம்ஸ் பூங்கா வரை வந்துவிடலாம். அங்கே கோத்தகிரிச் சாலை வண்டிகள் கிடைக்கும்.

இங்கே குரங்குகள்தான் பெரிய தொந்தரவு. கையில் பை தொங்கினால் அதற்குள் தின்பண்டம் இருக்கிறது என்றுதான் அவற்றுக்கு அர்த்தம். சாப்பாட்டை முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள், காட்சிமுனையில் எதையும் பிரிக்காதீர்கள். ஊட்டி வர்க்கி வாங்கி வந்தால் டப்பாவில் வையுங்கள். பைக்குள் அப்படியே போட்டால் மதியத்தில் கரண்டியால்தான் சாப்பிடவேண்டும்.

லாம்ப்ஸ் ராக்கிலிருந்து பார்த்தால் எதிரே தெரியும் மலைமுடி பக்காசூரன் கோட்டை, ‘த்ரூக்’ என்றும் சொல்வார்கள். நான்சச் எஸ்டேட் பக்கத்திலிருந்து கடைசி நாலு கிலோமீட்டர் அளவுக்குக் கால்நடைதான். தோட்ட நிலத்தையும் காட்டையும் கடந்து போகும் தடம் என்பதால், குன்னூர் வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் அங்கே போகாதீர்கள்.

கோத்தகிரி ஊரைச் சுற்றி அரை நாள்

மழை வருமா வராதா என்று சந்தேகமான நாளுக்கு இரண்டு சிறு நடைகள். ஒன்று கன்னேரிமுக்கு, ஊரிலிருந்து 2 கி.மீ. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலைக்கு வந்து கட்டிய பங்களா அங்கே நினைவகமாக இருக்கிறது. மற்றது லாங்வுட் சோலை, சுமார் 3 கி.மீ. ஊரை ஒட்டி 116 ஹெக்டேர் இயற்கைச் சோலைக்காடு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். சுற்றியுள்ள ஊர்களுக்கு இதுதான் நீர்ப்பிடிப்பு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்தது. அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போகவேண்டும். ஏழு, எட்டு மணிக்குப் போனால் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையின் குரலைக் கேட்கலாம். பேசிக்கொண்டே நடந்தால் அட்டையை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

ஊட்டி–கோத்தகிரி வண்டியில் வருபவர்கள் தொட்டபெட்டா ஜங்ஷனில் இறங்கி 3 கி.மீ. ஏறினால் 2,637 மீட்டர் சிகரம். நல்ல சோலைக்காட்டுச் சாலைதான், ஆனால் பத்து மணிக்கு மேல் கார்ப் புகையில் நடக்கவேண்டும். முதல் வண்டியில் வந்து, திறந்ததும் ஏறி, கூட்டம் வருவதற்குள் இறங்கிவிடுங்கள்.

எங்கே நடந்தாலும் கட்டபெட்டை நினைவில் வையுங்கள். ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் கோத்தகிரிக்கு வரும் சாலைகள் சேரும் முக்கு அது. மூன்று ஊருக்கும் அங்கே வண்டி கிடைக்கும்.

காடு தொடங்கும் இடம்

2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நடப்பது குற்றம். பேருந்து போகும் இடமெல்லாம் நடக்கலாம் என்று பொருளில்லை. கோத்தகிரியிலிருந்து கரிக்கையூருக்கு வண்டி போகும். ஆனால் அங்கிருந்து பொறிவரைப் பாறை ஓவியங்களுக்கும் ரங்கசாமி மலைக்கும் போவது வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் மட்டுமே. 2024 அக்டோபரில் 40 தடங்களுடன் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் இவற்றுக்கு முன்பதிவு செய்யலாம்.

தேயிலைத் தோட்டம் காடல்ல, ஆனால் ஒருவருடைய நிலம். அட்டிகளுக்கு இடையே ஊர்க்காரர்கள் நடக்கும் பொதுப்பாதைகள் உண்டு. கைப்பேசி வரைபடம் அதையும் தோட்டத்து வேலைப்பாதையையும் ஒரே கோடாகத்தான் காட்டும். வேலைப்பாதை பாதியில் ஓடையிலோ பூட்டிய கேட்டிலோ முடிந்துபோகும். கொழுந்து பறிப்பவர்கள் யாராவது அருகில் இருந்தால், “அக்கா, இந்த வழி ரோட்டுக்குப் போகுமா, மாடு ஏதாச்சும் நிக்குதா?” என்று கேளுங்கள். காலையில் காட்டுமாடு எங்கே நின்றது, கரடி எந்தப் பக்கம் போனது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மருந்து அடித்துக்கொண்டிருக்கும் பாத்திக்குள் நுழையாதீர்கள். கவாத்து வெட்டிய செடியின் குச்சிமுனை கணுக்காலைக் கிழிக்கும், முழு நீளப் பேண்ட் போடுங்கள்.

காட்டுமாடு பாதையில் நின்றால் நில்லுங்கள். முப்பது, நாற்பது மீட்டருக்குள் போகாதீர்கள். விசிலடிப்பதும் கல்லெறிவதும் வேண்டாம். அதற்கு விலகிப்போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் என்றால் வழியை அடைத்து நிற்பது நீங்கள்தான். முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்வாங்கி, வழி விட்டு, பத்து நிமிடம் காத்திருங்கள். கன்றோடு இருந்தாலும் தனித்த கடாவாக இருந்தாலும் இன்னும் தள்ளி நில்லுங்கள். கரடி அதிகாலையிலும் அந்திக்கு மேலும் நடமாடும். தேயிலை வரிசைக்குள் குனிந்து நிற்கும் கரடி அருகில் போகும்வரை தெரியாது. அதனால் தோட்டப் பாதையில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது, சோலைக்குள் சொன்னதற்கு நேர்மாறாக. குஞ்சப்பனை, பர்லியாறு பக்கத்துக் கீழ்ச்சரிவில் பலாப்பழக் காலத்தில் யானை வரும், அந்தச் சாலைகளில் நடக்கவே வேண்டாம்.

அட்டை கடித்தால் பதறிப் பிய்க்காதீர்கள். நகத்தை அதன் மெல்லிய முனைக்கு அடியில் பக்கவாட்டில் நுழைத்து வழித்தால் பிடி விடும். உப்பையோ தீக்குச்சியையோ கடித்த இடத்தில் வைத்தால் வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள் கக்கும். உப்பு ஷூவுக்கு மேல் தேய்க்க மட்டும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் ஒழுகும், சோப்பால் கழுவித் துணி வைத்து அழுத்தினால் போதும்.

வண்டி வராவிட்டால்

நேரம் கடந்து அரை மணி ஆனதும் முடிவெடுங்கள், இருட்டியபின் அல்ல. டிசம்பரில் ஆறு மணிக்கு இருட்டிவிடும், மேகமிருந்தால் ஐந்தரைக்கே. நிறுத்தத்துக்கு அருகிலுள்ள கடையில் முதலில் கேளுங்கள். வண்டி பழுதா, நடை ரத்தா என்பது ஊருக்குள் அதற்குள் தெரிந்திருக்கும். அடுத்த பெரிய முக்குக்கு வெளிச்சத்திலேயே நடந்து சேர முடியும் என்றால் மட்டும் நடங்கள். முடியாதென்றால் கடையிலேயே உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் மூலம் ஆட்டோவோ ஜீப்போ வரவழையுங்கள். காலையிலேயே கோத்தகிரி ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி, கைப்பேசியில் மட்டுமல்லாமல் தாளிலும் எழுதி வைத்திருந்தால் இந்த இடத்தில் உதவும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பள்ளத்தாக்கு வளைவுகளில் சிக்னலும் இருக்காது. வாடகையைப் பேசும்போது திரும்பும் காலி ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள். இருட்டியபின் மலைச்சாலையில் அது நியாயமான கூலிதான்.